சூளை: சொல் விளக்கம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பாண் சுடும் அடுப்புக்குப் போறணை என்று பெயர். சட்டி பானை சுடும் இடத்தையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். செங்கல் சூளை, சுண்ணாம்புச் சூளை என்று தடையில்லாமல் சொல்லும் நாம் சட்டி பானைக்கு மட்டும் ஏன் போறணையைத் தேட வேண்டும்?

போறணை போர்த்துக்கேயச் சொல்லான 'ஃபோர்னு'விலிருந்து வந்தது. 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய அவர்களிடமிருந்தே பாண் என்ற சொல்லும் வந்தது. சூளையோ புறநானூற்றின் 228ஆம் பாட்டிலேயே உண்டு. 'கலஞ்செய் கோ'வின் சூளைப் புகை வானத்தில் போய்த் தங்குவதை ஐயூர் முடவனார் அதில் பாடுகிறார். சுள்ளை என்பது இதன் இன்னொரு வடிவம்; மலையாளத்தில் சூள.

வேலையும் வேறு. போறணைக்குள் விறகெரித்து, சுவர் காய்ந்ததும் தணலை இழுத்துவிட்டு, சுவரில் தங்கிய சூட்டிலே பாணை வேகவைப்பார்கள். சூளையில் கலங்களை அடுக்கிய பிறகுதான் தீ மூட்டுவது. சுவாலை கலங்களுக்கிடையே புகுந்து புகைவாயால் வெளியேறும். பாணுக்கு 250 பாகை செல்சியஸ் போதும்; சிவப்புக் களிமண்ணுக்கு 700 முதல் 900 வரை வேண்டும்.

சுடாத கலத்துக்குத் திருக்குறள் தரும் பெயர் பசுமட்கலம் (குறள் 660). அதில் தண்ணீர் ஊற்றினால் கரையும். ஏறத்தாழ 600 பாகையில் களியோடு பிணைந்த நீரும் போய்விடுவதால் அதற்குமேல் கரையாது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஆபத்து இருக்கிறது. ஈரம் காயாத கலம் 100 பாகையைத் தாண்டினால் உள்ளே ஆவி பிறந்து வெடிக்கும். ஆகவே முதல் சில மணி நேரம் அடுப்புவாயில் சிறு தீதான். புகைவாயில் ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே காட்டி எடுங்கள். வியர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. தீயைக் கூட்டக் கூடாது.

பிறகு விறகைத் திணிப்பதும் தவறு. கரும்புகை எழுந்தால் உள்ளே காற்றுப் போதவில்லை. களியிலுள்ள இரும்பு சிவக்காது, உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்புத் தெரியும். கொஞ்சம் போட்டு, புகை தெளிந்த பிறகே அடுத்த விறகு. சூளைக்குள் தெரியும் ஒளி மங்கிய சிவப்பென்றால் ஏறத்தாழ 700 பாகை. செம்மஞ்சள் தட்டினால் 900ஐ நெருங்கிவிட்டது.

தீ போதுமென்றதும் வாயை மண் பூசி அடைத்துவிட வேண்டும். களியோடு கலந்த மணல் ஆறும்போது 573 பாகையில் சட்டென்று சுருங்கும். அந்த நேரம் திறந்த வாயால் கச்சான் காற்று புகுந்தால் நல்ல பானையும் கீறிவிடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே சூளை பிரிக்கலாம்.

வாவிக்கரைக் களிக்குத் தனிக் கவனம் தேவை. அதில் கிடக்கும் மட்டி ஓட்டுத் துண்டு 800 பாகைக்கு மேல் சுண்ணாம்பாக நீறும். சூளையிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. நாட்கள் சென்று காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும்போது சட்டியின் மேற்புறம் பொருக்குப் பொருக்காகத் தெறிக்கும். களியைக் கரைத்து அரித்தெடுப்பதே முறையான வழி. அதைச் செய்யாத கலங்களை, சூளை பிரித்த உடனேயே தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி ஊறவிட்டால் பெரும்பாலானவை தப்பும்.