பள்ளிக்குப் போகும் வழியில் சரியாகும் கடிகாரம்

காலை ஆறரை மணி. அலாரம் மூன்றாவது தடவையாக அடிக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்கிறது. "ராத்திரி சீக்கிரம் படுத்தால்தானே?" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. பிள்ளை பத்து மணிக்கே படுத்தது உண்மை. தூக்கம்தான் பதினொன்றரை வரை வரவில்லை.

இதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்த சின்ன முடிச்சு ஒன்று இருக்கிறது. அதுதான் அந்தக் கடிகாரம். இரவு நெருங்கும்போது மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பிக்குத் தகவல் போய், இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கத் தொடங்கும். சிறுவயதில் இருந்ததைவிடப் பருவ வயதில் இந்தச் சுரப்பு இரண்டு மணி நேரம் வரைகூடத் தாமதமாகலாம். அப்புறம், விழித்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தூக்கக் களைப்பும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. பெற்றோருக்குக் கண் சொக்கும் நேரத்தில் பிள்ளை பளிச்சென்று உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் தூக்கத்தின் தேவை குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை இரவுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பதினொன்றரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம்தான் கிடைக்கிறது. தினமும் ஒரு மணி நேரமாவது கடன். பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2014-இல் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, பள்ளி மணியை நம்மால் மாற்ற முடியாது. கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளலாமா? தள்ளலாம். மனித உடலின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுவது. அதைத் தினமும் யாராவது சரிசெய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம். உருவமும் நிறமும் காட்டும் செல்கள் தவிர, விழித்திரையில் இன்னொரு வகைச் செல்களும் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமி உள்ள இந்தச் செல்கள், சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை அளந்து நேராகக் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. நீல ஒளிக்குத்தான் இவை அதிகம் மசியும். ஆனால் அவசரப்படாத செல்கள். ஒரு மின்னல் வெட்டுக்கு அசையாமல், பல நிமிடங்கள் தொடர்ந்து விழும் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

பள்ளிக்குப் போகும் வழி முக்கியமாவது இங்கேதான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கு போட்ட அறையில் இருப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நேர் வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் தன்னைச் சட்டென்று அனுசரித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. இருபது நிமிடம் நடந்தோ சைக்கிள் மிதித்தோ போகும் பிள்ளையின் கண்ணில் அவ்வளவு வெளிச்சமும் விழுகிறது. கறுப்புக் கண்ணாடி வைத்த வேனில், திரையை இழுத்துவிட்டு, குனிந்து போன் பார்த்தபடி போகும் பிள்ளை அறையைவிட்டு வெளியே வந்தும் ஏறக்குறைய அறைக்குள்ளேயேதான் இருக்கிறது. காலை வெளிச்சம் தொடர்ந்து கிடைத்தால் மெலடோனின் சுரப்பு சில நாள்களில் முன்னே நகரும். பகலில் நல்ல வெளிச்சம் பட்ட கண்ணை இரவில் போன் திரை இன்னும் பகல்தான் என்று அவ்வளவாக ஏமாற்றுவதும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உடல் வெப்பம் இரவில் மிகக் கீழே இறங்கும் ஒரு நேரம் இருக்கிறது. இயல்பாக விழிப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன்னால் பட்டால் பின்னே இழுக்கும். விடுமுறை முழுக்கப் பதினொரு மணிவரை தூங்கிப் பழகிய பிள்ளையின் உடலுக்குக் காலை ஏழு மணி என்பது இன்னும் நடுராத்திரி மாதிரிதான். பள்ளி திறந்த முதல் நாள் அந்த நேரத்து வெயில் எதிர்வேலை செய்யக்கூடும். அதனால் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே எழும் நேரத்தைத் தினம் அரை மணி நேரம் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

நடையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பள்ளி வயதினர் தினம் சராசரியாக 60 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டுவதில்லை. போக இருபது, வர இருபது என்று விறுவிறுவென்று நடந்தாலே மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது.

வேனில்தான் போயாக வேண்டிய பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து திரையை விலக்கிக்கொள்ளலாம். வேன் வரும்வரை வீட்டுக்குள் காத்திருக்காமல், பையை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் போய் நின்றாலும் போதும், அந்தச் செல்கள் தங்கள் கணக்கைத் தொடங்கிவிடும்.