நிறங்களின் பிரகாசத்தை அளந்த ஆக்டன் ரூட்

ஒரு சிவப்புத் தாளும் ஒரு நீலத் தாளும் அருகருகே இருக்கின்றன. எது கூடுதல் பிரகாசம்? இரண்டும் சாம்பல் நிறமாக இருந்தால் கண் உடனே தீர்ப்பளித்துவிடும், ஆனால் நிறம் மாறுபடும்போது அதே கண் தடுமாறுகிறது. ஒருவரே வெவ்வேறு வேளையில் வெவ்வேறு விடை சொல்வார்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆக்டன் நிக்கோலஸ் ரூட். 1831இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, மூனிக்கிலும் பெர்லினிலும் பயின்ற அவர், 1902இல் இறக்கும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். நீர்வண்ண ஓவியமும் தீட்டியவர். அவர் 1879இல் வெளியிட்ட நிறவியல் நூலை, பிரெஞ்சு ஓவியர் சூரா ஊன்றிப் படித்தார். ஆயினும் அவருடைய மிக நுட்பமான பங்களிப்பு 1893இல் வெளிவந்த ஓர் அளவீட்டு முறைதான் என்பது என் கருத்து.

ஒரு வட்டின் பாதியில் சிவப்புத் தாளையும் மறுபாதியில் சாம்பல் தாளையும் ஒட்டிச் சுழற்றுங்கள். மெதுவாகச் சுற்றினால் இரு நிறங்களும் மாறி மாறித் தெரியும். வேகம் கூடி, நொடிக்குச் சுமார் பதினைந்து சுற்றை நெருங்கும்போது நிறங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். இருந்தும் ஒரு மினுக்கம் எஞ்சி நிற்கும். இப்போது வேகத்தை மாற்றாமல், சாம்பல் தாளை மட்டும் சற்று வெளிறியதாகவோ சற்றுக் கருத்ததாகவோ மாற்றிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சாம்பலில் அந்த மினுக்கம் அடங்கிப்போகும். அங்கே இரு பாதிகளின் பிரகாசமும் சமம். அந்தச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அளந்துவிட்டால், சிவப்பின் பிரகாசமும் ஓர் எண்ணாகக் கைக்கு வந்துவிடும்.

இது ஏன் நடக்கிறது? விழித்திரையில் நிறம் காண உதவும் கூம்புச் செல்கள் தரும் குறிகைகளைக் கூட்டிப் பிரகாசத்தை உணரும் பாதை விரைவானது. அவற்றின் வேறுபாட்டிலிருந்து நிறத்தை உணரும் பாதை மந்தமானது. ஆகவே குறிப்பிட்ட வேகத்தில் நிற மாற்றம் மறைந்து, பிரகாச மாற்றம் மட்டும் தெரிகிறது. இந்த விளக்கம் பிற்காலத்தில் உருவானது; ரூட் நம்பியது தம் கண் கண்டதை.

இம்முறையை அமெரிக்க இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஐவ்ஸ் 1912இல் செம்மைப்படுத்தினார். இவ்வகை அளவீடுகளையும் சேர்த்தே, எந்த அலைநீள ஒளியைக் கண் எவ்வளவு பிரகாசமாக உணர்கிறது என்பதைக் காட்டும், 555 நானோமீட்டரில் உச்சம் கொள்ளும் உணர்திறன் வளைவை 1924இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் ஏற்றது. நீலப் பகுதியில் அவ்வளவு துல்லியமில்லாத அந்த வளைவுக்கு 1951இல் அமெரிக்க இயற்பியலாளர் டீன் ஜட் ஒரு திருத்தம் முன்வைத்தார்; ஆனாலும் விளக்குகளின் ஒளி அளவைச் சொல்லும் அலகான லூமென் கணக்கு இன்றும் 1924ஆம் ஆண்டு வளைவின்படியே போடப்படுகிறது.