மீட்டருக்கு 1 வாட்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் பால்குடம் எடுத்து நடந்தவர்களுக்குத் தெரியும். வரிசை விறுவிறுவென நகரும்போது தோள் உரசாது. மெதுவாகும் இடத்தில்தான் நெரிசல். ஓரத்தில் போகிறவர் தடுப்பில் இடிப்பார்.

புரோட்டான் போன்ற நுண்துகள்களை வேகமேற்றி ஓடவிடும் துகள் முடுக்கியிலும், அவை மெதுவாக ஓடும் தொடக்கப் பகுதிதான் தொல்லை. காரணம் வேறு. புரோட்டான்கள் ஒரே மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். ஆனால் சேர்ந்து ஒரே திசையில் ஓடுவதால், காந்த விசை அவற்றை உள்ளே இழுக்கவும் செய்யும். வேகம் கூடக் கூட இழுப்பு வலுக்கும். ஆற்றல் 2.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டாக (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) இருக்கையில் விலக்கம் கிட்டத்தட்ட முழுதாக அப்படியே இருக்கும். 1 பில்லியனை எட்டும்போது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் சின்க்ரோட்ரான் ஒளி மூலம் என்ற முடுக்கியின் எலக்ட்ரான்களுக்கு 700 மில்லியன்தான். ஆனால் எடை மிகக் குறைவு, ஒளிவேகத்தை ஒட்டியே ஓடும். விலக்கம் மில்லியனில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இந்த விலக்கத்தைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது? ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுகலனில் ஒரு திரளில் மட்டும் 100 பில்லியன் புரோட்டான்களுக்கு மேல். எது எதைத் தள்ளுகிறது என்று ஜோடி ஜோடியாகப் பார்த்தால், 5-க்குப் பின்னால் 21 சுழியங்கள் வரும். ஆகவே பல்லாயிரம் புரோட்டான்களை ஒரு பெருந்துகளாகச் சேர்க்கிறார்கள். மின்னூட்டமும் நிறையும் ஒரே விகிதத்தில் கூடுவதால், தனிப் புரோட்டான் போகும் பாதையிலேயே அதுவும் போகும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. பிறகு இடத்தைக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு பெருந்துகளின் மின்னூட்டத்தையும் அருகிலுள்ள முனைகளுக்குப் பங்கிட்டு, அங்கே மின்புலம் கண்டு, அந்தப் புலத்தால் துகளைச் சற்றே நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து.

திரளின் நடுப்பகுதிக்கு இது போதும். சிக்கல், விளிம்பில் ஒளிவட்டம்போலச் சிதறும் சொற்பத் துகள்கள். குழாய்ச் சுவரில் பட்டால் உலோகம் கதிரியக்கம் பெறும். பழுதுபார்க்க ஆள் நெருங்க முடியாது. அதனால்தான் இப்படிச் சுவரில் பட்டு இழக்கும் திறன், குழாயின் மீட்டருக்கு 1 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் முடுக்கியில் ஓடும் துகள் கற்றையின் திறனோ 1 மில்லியன் வாட்டுக்கு மேல். அதை ஒரு மில்லியன் பெருந்துகள்களாக உருவகப்படுத்தினால், ஒவ்வொன்றும் 1 வாட்டுக்கு மேல். ஒன்றே ஒன்று சுவரில் பட்டாலும் வரம்பு நிறைந்துவிடும். அது நிஜமாகவே தவறியதா, கணக்கின் இரைச்சலா என்று பிரித்தறியவும் வழியில்லை.

எனவே எண்ணிக்கையை நூறு மில்லியன், பில்லியன் என்று ஏற்றி மீத்திறன் கணினிகளில் ஓட்டுகிறார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஓர் எலக்ட்ரான் திரளைப் பெருந்துகளே இல்லாமல், உள்ள எலக்ட்ரான்கள் அத்தனையையும் தனித்தனியாக ஓடவிட்டே கணக்கிட்டிருக்கிறார்கள்.