எபோலா: "உடலைத் தொடாதே" என்றால் மட்டும் போதுமா?

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா என்ற வைரஸ் நோய் பரவியபோது, "எபோலா ஆளைக் கொல்லும், அதற்கு மருந்து கிடையாது" என்றுதான் முதலில் பரப்பினார்கள். அன்றைக்கு அது பொய்யல்ல. ஆனால் மருந்தே இல்லையென்றால் சிகிச்சை மையத்துக்கு எதற்குப் போக வேண்டும்? நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், பார்த்தவர்களும் படுத்தார்கள்.

எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அந்த உடலைக் குளிப்பாட்டி, தொட்டழுது வழியனுப்புவது அங்கே உறவினரின் கடமை. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் ஆகஸ்டில் உடல்களை எரிக்கச் சொல்லி அரசு ஆணையிட்டது. ஆண்டுதோறும் மார்ச்சில் கல்லறைகளைச் சுத்தம் செய்து அலங்கரிக்கும் நாடு லைபீரியா. கல்லறையே இல்லாமல் போகும் என்ற பயத்தில் பலர் நோயையே மறைத்தார்கள், இரவோடு இரவாகப் புதைத்தார்கள். டிசம்பரில், எபோலாவில் இறந்தவர்களைப் புதைக்க டிஸ்கோ ஹில் இடுகாடு திறந்த பிறகுதான் அந்தப் பயம் தணிய வழி பிறந்தது.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களையும் கலந்தாலோசித்து வெளியிட்ட அடக்க நெறிமுறையை நலப்பணியாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அடக்கக் குழு பாதுகாப்பு உடையோடு வீட்டு வாசலில் போய் இறங்கக் கூடாது. சாதாரண உடையில் போய், துக்கம் விசாரித்து, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி, குடும்பத்தின் சம்மதம் வாங்கிய பிறகே உடையை மாட்ட வேண்டும். இறந்தவர் முஸ்லிம் என்றால், குளிப்பாட்டுவதற்குப் பதில் பாதுகாப்பு உடையணிந்த, குழுவின் முஸ்லிம் உறுப்பினர் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணைக் கொண்டு செய்யும் தூய்மைச் சடங்கு) செய்யலாம். குடும்பத்தார் தள்ளி நின்று பிரார்த்திக்கலாம். தொடுவது மட்டும்தான் நிறுத்தப்பட்டது, மரியாதை குறையவில்லை. மக்கள் ஒத்துழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிருமி நீக்கும் குளோரின் கரைசலிலும் கவனம் வேண்டும். 20 லிட்டர் தண்ணீரில் 70 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளை 1 மேசைக்கரண்டி கலந்தால் 0.05 சதவீதக் குளோரின் கரைசல். சோப்பு இல்லாத இடத்தில் கை கழுவ இது போதும். 10 மேசைக்கரண்டி போட்டால் 0.5 சதவீதம், அது தரைக்கும் உடல் கிடந்த இடத்துக்கும். கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும். வாளிகளில் பெயர் எழுதாவிட்டால் கடுங்கரைசலில் கை கழுவித் தோல் புண்ணாகும், பிறகு அந்த வாளிப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். நேற்றைய கரைசல் வீரியம் இழந்திருக்கும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்கிறோம். அவர்கள் வீட்டை அடைத்துவைத்தால் அரிசியும் தண்ணீரும் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வெளியே வரத்தான் செய்வார்கள்.