பயிற்சிக்கு முன்பே விழுந்த பள்ளம்

"வேலைப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களின் வருமானம் ஒரே ஆண்டில் இரு மடங்கானது என்கிறது ஓர் அறிக்கை. அப்படியானால் திட்டம் வெற்றிதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எண்கள் சரியாகவே இருக்கலாம். முடிவுதான் இடிக்கிறது.

ஒருவர் எப்போது பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்? ஓர் ஆலையில் மாதம் 1,000 டாலர் ஈட்டிவந்தவருக்கு ஆள்குறைப்பில் வேலை போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த வேலையைச் செய்து 400 டாலரில் காலம் தள்ளுகிறார். அந்த நெருக்கடியில்தான் படிவத்தை நிரப்புகிறார்; சம்பளம் ஒழுங்காக வந்த நாளில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஓராண்டு கழித்து 900 டாலர் வாங்குகிறார். முன்பு 400, இப்போது 900. ஆனால் ஆலை மறுபடி ஆள் எடுத்திருந்தால், பயிற்சி இல்லாமலே அந்த 900 வந்திருக்கும்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர், 1964இல் அரசுப் பயிற்சியில் சேர்ந்தவர்களின் வருமானத்தை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார். சேர்வதற்குச் சற்று முன்பாகக் கோடு சட்டென்று சரிந்திருந்தது. 1978இல் அவர் வெளியிட்ட இந்தச் சரிவுக்கு 'ஆஷன்ஃபெல்டர் பள்ளம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. திட்டம் இன்னும் அவர்களைத் தொடவே இல்லை. அதற்குள் வரைபடத்தில் அதன் சுவடு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

அதே ஆண்டில் அதே 400 டாலர் ஈட்டிய, பயிற்சி பெறாத ஒருவரோடு ஒப்பிட்டால் போதாதா? போதாது. அவருக்கு 400 என்பது வழக்கமான வருமானமாக இருக்கலாம். நம்மவருக்கோ அது தற்காலிக வீழ்ச்சி. எண் ஒன்று, கதை வேறு. விழுந்த நம்மவர் எழுவார், ஒப்பீட்டுக்கு எடுத்தவர் அங்கேயே இருப்பார். அந்த இடைவெளி முழுவதும் பயிற்சியின் கணக்கில் வரவாகிவிடும்.

1970களில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேலை ஆதரவுத் திட்டத்தில் பயனாளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். இடம் கிடைக்காதவர்களும் அதே பள்ளத்தில் விழுந்தவர்கள் என்பதால் ஒப்பீடு நேர்மையாக அமைந்தது. பொருளியலாளர் ராபர்ட் லலோண்ட் 1986இல், இடம் கிடைக்காத அவர்களை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, பொதுக் கணக்கெடுப்புகளிலிருந்து வேறு ஆட்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். விடைகள் குலுக்கல் தந்த விடையிலிருந்து பெரும்பாலும் வெகுதூரம் விலகின.

குலுக்கல் இரக்கமற்றது என்பார்கள். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக இருக்கும்போது, சிபாரிசைவிடக் குலுக்கலே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பீட்டுக்கான பணத்தையும் திட்டம் தொடங்கும்முன்பே ஒதுக்க வேண்டும். முடிந்தபின் ஒதுக்கினால் ஒப்பிட ஆள் கிடைக்காது.

வாசகருக்கு: அந்த அறிக்கையில் பயிற்சிக்கு முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளின் வருமானமும், இடம் கிடைக்காதவர்களின் வருமானமும் தரப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.