பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின் விளக்கை மாற்றினால் ஆர்.சி. புதுப்பிக்க முடியாதா?

மன்னார்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் சான் ஸ்டார்ம் கார் இருக்கிறது. கோவாவில் தயாரானது. இரண்டு பேர்தான் உட்காரலாம், ஃபைபர் பாடி. இப்போது அந்தக் கார் தயாரிப்பில் இல்லை. ஒரு தை மாதம், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டர் டிரெய்லரைப் பின்னால் எடுத்தபோது இடித்து, இடது பின் விளக்கு நொறுங்கிவிட்டது. அதே விளக்கைத் தேடி ஆறு மாதம் அலைந்தார், எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் வட்ட வடிவ விளக்குகள் ஒரு ஜோடி வாங்கி, கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் அளவெடுத்து வளையம் கடைந்து, பழைய துளையிலேயே உட்கார வைத்தார். வேலை சுத்தமாக இருந்தது.

அப்புறம் வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார். "கம்பெனி லைட் இல்லையே, மாத்திட்டு வாங்க" என்றார்கள். அந்தக் காரே இப்போது தயாராவதில்லை என்று சொன்னதற்கு, "அதுக்கு நாங்க என்ன பண்றது" என்ற பதில். அடுத்த முறை போனபோது ஆய்வாளர் விடுப்பு. மூன்றாம் முறை, விளக்குக்குப் புனேயிலிருந்து சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நான்காம் முறை, வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர், எட்டாயிரம் கொடுத்தால் இதே விளக்கோடு முடித்துத் தருவதாகச் சொன்னார். சட்டத்துக்குப் புறம்பான விளக்கு என்றால் எட்டாயிரம் கொடுத்ததும் அது எப்படிச் சரியாகும்? சரியான விளக்குதான் என்றால் நான்கு நாள் கூலியையும் பெட்ரோலையும் எதற்காக ஒரு மனிதர் இழக்க வேண்டும்? இதைக் கேட்டபிறகுதான் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாரும் நீட்டும் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கிப் பிடித்தது. சரி, உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், இருக்கை, எரிபொருள், எடை என்று இருக்கும். பின் விளக்கு எங்கே இருக்கிறது? அதே பிரிவின் விளக்கக் குறிப்பு, மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று சொல்கிறது. உடைந்த விளக்கு இருந்த துளையில் இன்னொரு விளக்கைப் பொருத்துவது அதற்குள் வராது என்பதுதான் என் வாசிப்பு. ஆனால் பெரிய விளக்கு வைக்க வேண்டும் என்று பாடியை அறுத்தால் கதை வேறு. அறுக்காதீர்கள். வளையமோ தகடோ வைத்துப் பழைய துளையிலேயே நிறுத்துங்கள்.

பயமுறுத்துவதற்கென்றே இன்னொரு பிரிவை வைத்திருக்கிறார்கள். 182ஏ, உட்பிரிவு 4. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஜெயிலுக்குப் போயிடுவீங்க" என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான். அந்த வாசகத்தில் அனுமதிக்கப்படாத முறையில் மாற்றினால் என்று இருப்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட முறை எது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் இருக்கிறது. பின் விளக்குக்கு வேண்டியது 102 முதல் 108 வரையிலான விதிகள். விளக்கு சிக்குவதும் தப்புவதும் அங்கேதான்.

விதி 105-இன்படி, பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் தனியாக வேண்டும். புது விளக்கு மாட்டும்போது பலர் மறப்பது இதைத்தான். பழைய விளக்கின் அடிப்பாகத்தில் இருந்த சின்ன வெள்ளைக் கண்ணாடி வழியாகத்தான் பிளேட்டுக்கு வெளிச்சம் விழுந்திருக்கும். வட்ட விளக்கில் அந்தக் கண்ணாடி இருக்காது.

இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில்தான் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மிகாமல் மின்ன வேண்டும். இதில் இரண்டு கண்ணிகள். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த விளக்குகள் பலவற்றில் இண்டிகேட்டரும் சிவப்பாகவே எரியும், அந்த ஊரில் அதற்கு அனுமதி உண்டு. இங்கே செல்லாது. ஆன்லைனில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். இரண்டாவது கண்ணி எல்.இ.டி. பழைய காரில் இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ஃபிளாஷர் ரிலே 21 வாட் பல்புக்காக வைத்தது. எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு ரிலே படபடவென்று வேகமாக அடிக்கும். 120-ஐத் தாண்டிவிடும். எல்.இ.டி.க்கான ரிலேயாக மாற்றினால் சரியாகிவிடும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடி எண்ணுங்கள். 15-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் பயமில்லை.

பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் காட்டக் கூடாது என்பது விதி 108. இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்றவை விலக்கு. நீலப் பட்டை, கண் சிமிட்டும் பிரேக் விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவற்றுக்காக நான் யாரிடமும் வாதாட மாட்டேன். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய விளக்குக்கும் அப்படித்தான். மார்கழிப் பனியில் வெண்ணாற்றங்கரை மாதிரி ஒரு வாய்க்கால் ரோட்டில், வைக்கோல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போயிருக்கிறீர்களா? சிவப்பு தெரிவதற்குள் வைக்கோலே முகத்துக்கு நேரே வந்துவிடும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

மன்னார்குடி அண்ணன் காரில் உண்மையாகவே ஒரு குறை இருந்தது, அதை அலுவலகத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. விதி 104 பின்பக்கம் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் கேட்கிறது. பழைய விளக்கின் கண்ணாடிக்குள்ளேயே ரிஃப்ளெக்டர் இருந்தது, புதிய வட்ட விளக்கில் இல்லை. டூ-வீலர் உதிரிபாகக் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். நான்கு முறை திருப்பி அனுப்பியவர்கள் முதல் முறையே இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

இப்போது அந்தப் புனே கதை. விளக்கு ஒப்புதல் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும் என்பது நியாயமான விதிதான். அந்த ஒப்புதலை புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள் தருகின்றன. ஆனால் விளக்கைத் தயாரிக்கிறவர் தன் விளக்கு வகைக்கு வாங்குவது அது. ஒற்றைக் கார் வைத்திருப்பவர் தன் இரண்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு புனேக்குப் போய் வாங்குவதல்ல. உங்கள் கடமை, ஏற்கெனவே ஒப்புதல் முத்திரை உள்ள விளக்காகப் பார்த்து வாங்குவது. கண்ணாடியின் ஓரத்தில் அச்சில் வார்த்த எழுத்துகள் இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய ஒப்புதல். இந்தியாவில் பஸ், லாரி, டிராக்டருக்காக வரும் பெயர் பெற்ற தயாரிப்புகளில் இந்திய ஒப்புதல் எண் இருக்கும். முத்திரை எதுவுமே இல்லாத விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், அதோடு போனால் ஆய்வாளர் பக்கம்தான் நியாயம். பொருத்துவதற்கு முன்னால் முத்திரையைத் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள், வளையம் ஏறிவிட்டால் எழுத்து மறைந்துபோகும். கடை பில்லில் விளக்கின் பார்ட் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள். "எலக்ட்ரிக்கல் சாமான் 2 எண்ணம்" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

ஃபைபர் பாடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு பாடியில் விளக்கை முடுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் கிடைக்காது, ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிஸ் வரை தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும், ஆய்வு நாளில் அது கண்ணில் படும்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் சில விஷயங்கள். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், அந்த 60 நாளை வீணாக்காதீர்கள். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் ஏறும். புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். இறக்குமதிக் கார் என்றால் இதைப்போல எட்டு மடங்கு. பசுமை வரி தனி. 15 ஆண்டு ஆனால் காரை உடைத்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது டெல்லி வட்டாரத்துப் பேச்சு.

"விண்டேஜ்ல போட்டுடலாம், லைட்டைக் கேக்க மாட்டாங்க" என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். விண்டேஜ் பதிவுக்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டவும் முடியாது. இருபது இருபத்தைந்து வயதுக் காருக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய கை எழுத்து ஆர்.சி. புத்தகம் வைத்திருப்பவர்கள் முதலில் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால் விளக்குப் பேச்செல்லாம் அப்புறம்தான். கணினியில் ஏற்றுகிற வேலையை முதலில் எழுதிக் கேட்டு முடியுங்கள், அதற்கே சில வாரம் இழுப்பார்கள். காரைக்கால் பதிவுக் காரை மலிவாக வாங்கி மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. காலம் முடிந்துபோன வண்டியை வாங்கிவிட்டால் இரண்டு ஊர் அலுவலகமும் மாறி மாறி உங்களைப் பந்தாடும். வாங்குவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

கடைசியில், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத ஆயுதம் ஒன்று உண்டு. புதுப்பிக்க மறுத்தால், மறுப்பு ஆணையின் நகலைக் காரணத்தோடு விண்ணப்பித்தவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று பிரிவு 45 சொல்கிறது. வாயால் சொல்லும் "மாத்திட்டு வாங்க" ஓர் ஆணையே அல்ல. சண்டை போடாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில், "என் வாகனத்தின் பின் விளக்குகள் எந்த விதிக்கு மாறாக உள்ளன என்பதைப் பிரிவு 45-இன்படி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதி, முத்திரை போட்டோ, பில், ரிஃப்ளெக்டரோடு சேர்த்து எடுத்த பின்பக்கப் போட்டோ மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் வெளியே வந்து அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிலே வரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மறுப்பு ஆணை கையில் கிடைத்துவிட்டால் பிரிவு 57-இன்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாள் ஆணை உங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து ஓடும், அதனால் தபால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

மன்னார்குடி அண்ணன் மேல்முறையீடு வரை போகவில்லை. ரிஃப்ளெக்டர் இரண்டை ஒட்டிக்கொண்டு, அந்தத் தாளோடு ஐந்தாம் முறை போனார். தாளை வாங்கிப் படித்த ஆய்வாளர் எழுந்து வெளியே வந்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னார், இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போடச் சொன்னார், சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கரை ரோட்டில் காரை நிறுத்திவிட்டு, தம்பியை உட்கார வைத்துப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் இருநூற்றுப் பத்துக் காலடிகள் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். ஏறக்குறைய 155 மீட்டர் வந்துவிடும். அங்கிருந்து பின் விளக்கும் பிரேக் விளக்கும் தனித்தனியாகப் பிரிந்து தெரியவில்லை என்றால், மறுநாள் போகாதீர்கள். முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.