வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டுமா?

"எங்க பூனை வாசப்படியே தாண்டாது டாக்டர், அதுக்கு எதுக்கு ஊசி?" பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பூனை தாண்டாது, நாம் தாண்டுகிறோமே! பூனைகளின் கொடிய தொற்றுநோயான பான்லூகோபீனியாவின் வைரஸ் ஓராண்டு வரைகூட அழியாமல் கிடக்கும். செருப்பிலும் துணியிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிடும். இந்த நோய் கண்ட குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். தாகம் இருக்கும், குடிக்க முடியாது. வாந்தி, பேதி, சரிந்து விழும் வெள்ளை அணுக்கள். சலைன் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடல் தாங்குமா என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் எங்களால் முடிந்த சிகிச்சை. எத்தனையோ குட்டிகள் தாங்குவதில்லை. ஆகவே, வீட்டுப் பூனைக்கும் அடிப்படைத் தடுப்பூசி கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன்.

பலர் கோட்டை விடுவது, எப்போது போடுவது என்பதில்தான். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது. அதுவே ஊசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது எந்த வாரத்தில் வற்றும் என்பது ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வருகிறோம். கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும். "ரெண்டு ஊசி போட்டாச்சே" என்று 12 வாரத்தில் நிறுத்திவிட்டால், அந்த இரண்டுமே பலிக்காமல் போயிருக்கலாம். அடுத்த பூஸ்டர் 6 மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில். அதன்பின் வீட்டோடு இருக்கும் பூனைக்குப் பெரும்பாலும் 3 ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

அதே ஊசியில் சேர்ந்து வரும் ஹெர்பெஸ், கலிசி வைரஸ்களுக்கான மருந்து சளித் தொற்றை முழுதாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். ஊசி போட்ட பூனையும் தும்மலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ரேபிஸ் ஊசி 12 வாரத்திலிருந்து. மறுமுறை எப்போது என்பதை மருந்தும் உள்ளூர்ச் சட்டமும் முடிவு செய்யும். ரத்தப் புற்றுக்குக் காரணமான லுகேமியா வைரஸுக்கான ஊசி குட்டிகளுக்கும் வெளியே திரியும் பூனைகளுக்கும்தான் முக்கியம். வீட்டுக்குள்ளேயே வாழும் பெரிய பூனைக்கு நான் வற்புறுத்துவதில்லை.

காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். சினைப்பூனைக்கு உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது. வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளை பாதிக்கப்படலாம்.

ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருமாமே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வரும், ஆனால் மிக அரிது. வந்தாலும் அறுவை செய்ய வசதியாக இருக்கட்டும் என்றே கழுத்துப் பக்கம் விட்டுக் காலில் போடுகிறோம். சின்ன வீக்கம் பொதுவாகத் தானே வற்றிவிடும். 3 மாதம் கழித்தும் இருந்தால், 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தால், உடனே கொண்டுவந்து சதைப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஓரிரு நாள் சோர்வு இயல்பானது. ஊசி போட்ட அன்றே முகம் வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.